அம்மா மறைத்து வைக்கும் மழை நோட்டு

நம் வீட்டில் மழையை எழுதும் நோட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று என்னுடையது. டிவிக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடக்கும், அம்மா மட்டும் அதைத் தொடமாட்டாள். இன்னொன்று உங்கள் அம்மாவுடையது. அதை அவள் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடி, மேலே முறத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். "அப்பா பாக்கக் கூடாதுன்னா அதுல என்னதான் இருக்குது?" என்று போன வாரம் சின்னவள் கேட்டாள். பெரியவன் எல்லாம் தெரிந்தவன் போலச் சிரித்தான். அவனுக்கும் பாதிதான் தெரியும். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

கொல்லங்கோடு போகிற ரோட்டில் நான் வேலைக்குப் போகும் பண்ணையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணை என்று போர்டு இருக்கும். உள்ளே கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, ஓர் ஆபீஸ் அறை, கம்பி வேலி போட்ட ஒரு மழைமானி, அவ்வளவுதான். உழவு மாடுகளை வேலந்தாவளம் சந்தையில் விற்றுவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நாளில் அங்கே தினக்கூலிக்குச் சேர்ந்தேன். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் விழுந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடி ஜாரில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று.

ரிஜிஸ்டரில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எதுவும் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காலியாக விடுவதற்கு மனசில்லாமல், மழை பெய்த நாளில் மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் பார்த்து நம் கணக்கையும் எழுதி வைப்பேன். ஈரம் கலப்பையின் கொழு இறங்குகிற ஆழத்துக்குப் போயிருந்தால் ஒரு உழவு மழை. அதில் பாதி என்றால் அரை உழவு. அதுவும் இல்லையென்றால், புழுதி அடங்கின மழை. இந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர்கள் எல்லாரும் மழையை இப்படித்தான் சொல்வோம். மில்லிமீட்டர் சொன்னால் யாருக்குத் தெரியும்?

ஒரு வருஷம் ஆடி மாதக் காற்றில் ஜார் என் கையிலிருந்து போய்விட்டது. கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேலிக் கம்பியில் பட்டு இரண்டாக உடைந்தது. சொன்னால் தினக்கூலிக்காரனை அனுப்பிவிடுவார்களோ என்று பயம். சொல்லவில்லை. புது ஜார் மற்ற சாமான்களோடு தானாகவே வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் நான் மில்லிமீட்டர் கட்டத்தைக் காலியாக விடவில்லை. மண்ணை வெட்டிப் பார்ப்பேன். ஒரு உழவு என்றால் பழைய பக்கங்களில் அதற்கு நேராகப் பெரும்பாலும் எந்த எண் இருக்கிறதோ அதை எழுதிவிடுவேன். அரை உழவென்றால் அதில் பாதி. ஏமாற்றுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. மழை பெய்தது நிஜம், மண் நனைந்தது நிஜம், எண்ணும் அதற்குத் தக்கபடி. இதில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் கழித்துத்தான் அதில் என்ன தப்பென்று தெரிந்தது.

பண்ணைக்குப் பொறுப்பாக இருந்தவர் மண் துறையில் பாடம் நடத்தும் சார். மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். என்னைவிட வயதில் சிறியவர், அதனால் சேட்டா என்று கூப்பிடுவார். ஒருநாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மார்ச்சோடு பண்ணையில் தினக்கூலி நிறுத்தப்போகிறார்கள் என்றார். ஏதாவது ஆய்வுத் திட்டம் கிடைத்தால் அதில் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வழியில்லை. பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்குத் தானே பணம் ஒதுக்கி ஆய்வு செய்யச் சொல்கிற ஒரு திட்டம் அப்போது வந்திருந்தது. ஒரே நிபந்தனை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு துறைகள் சேர்ந்து அபேட்சை கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வது.

சாரோடு சேர வந்தவர் மொழித் துறை டீச்சர். இடுக்கி எஸ்டேட்டில் கொழுந்து பறித்த அப்பா அம்மாவுக்குப் பிறந்து, சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து மேலே வந்தவர். என் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்ததும் குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"அண்ணே, இது நீங்க எழுதுனதா? அரை உழவு, புழுதி அடங்குன மழை... எங்க எஸ்டேட்டுல நூல் மழைம்பாக. காந்தலூர்ல பூண்டு போடுறவுகளக் கேட்டா பூண்டழுகி மழைன்னு ஒண்ணு சொல்லுவாக. ரேடியோக்காரன் மில்லிமீட்டர்ல சொல்லுதான், ஒருத்தருக்கும் வெளங்கல. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா என்ன சார்?"

அப்படித்தான் அந்தத் திட்டம் பிறந்தது. விவசாயிகள் மழைக்குச் சொல்லும் சொல், கருவி சொல்லும் எண், இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பது. வானிலைச் செய்தியை நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அது உதவும். எங்கள் பண்ணையில் ஓர் இடம், இடுக்கி மலையில் காந்தலூரில் ஓர் இடம்.

மூன்று வாரம் அந்த ஆபீஸ் அறையில் நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். யார் துறையின் பெயர் முதலில் வருவது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று.

"மழை விழுறது மண்ணிலல்லே டீச்சரே? அப்போ மண்ணு முன்னாடி வரணும்," என்பார் சார்.

"விழுந்த மழையப் பேரு சொல்லிக் கூப்புட்டது யாரு சார்? மண்ணா கூப்புட்டுச்சு?" என்பார் டீச்சர்.

நான் டீ வாங்கிக்கொண்டு வந்து நடுவில் வைப்பேன். "ஏனுங்க, அகர வரிசைப்படி போட்டுருங்களே," என்றேன் ஒருநாள். மண்ணுக்கும் மொழிக்கும் எது முன்னால் வரும் என்று இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள். மண்தான் முன்னால் வந்தது. சார் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். டீச்சர் அன்று எனக்கு வடை தரவில்லை.

அபேட்சையில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் சொல்வது நடக்கும் என்பதற்கு இப்போதே கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? அதற்கு என் ரிஜிஸ்டரைத்தான் வைத்திருந்தார்கள். சார் எல்லா வருஷத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படமாகப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மத்தியானம் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"சேட்டா, இது நோக்கு! மற்ற மாசமெல்லாம் புள்ளி அங்கேயும் இங்கேயும் சிதறிக் கிடக்கு. இந்த அஞ்சு மாசம் மட்டும் பாரு. சொல்லும் நம்பரும் ஒரே கோட்டில! எந்தொரு பொருத்தம்!"

எந்த ஐந்து மாதம் என்று அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆடி முதல் கார்த்திகை வரை. நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பொருந்தாமல் எப்படி இருக்கும்? சொல்லிலிருந்துதானே எண்ணைச் செய்தேன். இவர்கள் பொருந்துகிறதா என்று பார்க்கப் போவது எதையோ, அதையே நான் முன்கூட்டிப் பொருத்தி வைத்திருக்கிறேன். சார் அந்தப் படத்தைத்தான் அபேட்சையின் முதல் பக்கத்தில் போட்டார். துறைத் தலைவர் பார்த்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சொல்லாமல் இருந்தால் திட்டம் கிடைக்கும், வேலை நிலைக்கும். சொன்னால் இரண்டும் போகலாம். நான்கு நாள் வாய் திறக்கவில்லை. கடைசி நாளன்று, சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்றிருந்த அன்று, காலையில் கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தச் சாரு உங்களச் சேட்டா சேட்டான்னு கூப்புடறாரு. நாளைக்கு நாலு பேரு மத்தியில அவரு முழிச்சுட்டு நிக்கோணுமா?"

"சொன்னா வேல போயிரும் புள்ள."

"போனாப் போகுதுங்க. தேங்கா உரிக்கப் போங்க. கை இருக்குதல்லோ?"

அவள் பத்தாவது பாஸ். என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம். அந்த இரண்டு வகுப்பு எதற்கு உதவும் என்று கல்யாணமான புதிதில் கேலி பேசியிருக்கிறேன். பிறகு பேசியதில்லை.

ஆபீசுக்குப் போனபோது டீச்சர் படித்துச் சொல்ல, சார் திருத்திக்கொண்டிருந்தார்.

"சாருங்க, அந்தப் படத்த எடுத்துருங்க."

"எந்தப் படம்?"

"கோடு நேராப் போகுதுங்களே, அதுங்க."

"ஐயோ சேட்டா, அதல்லே நம்மளோட ஹீரோ!"

"அது நேராப் போகாம வேற எங்கீங்க போகும்? ரெண்டையும் எழுதினது நானுங்களே."

"சேட்டன் எழுதினதுன்னு எனக்குத் தெரியுமல்லே. அதுக்கென்ன?"

"அப்படி எழுதலீங்க." ஜார் உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சேட்டன் அன்னைக்கு ஒரு வாக்கு சொல்லியிருந்தா," என்றார் மெதுவாக, "என் கைக்காசில ஒரு ஜார் வாங்கித் தந்திருப்பேன்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு என்னமோ செய்யும்.

அப்போதுதான் டீச்சர் சிரித்தார். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு மூட முடியாமல்.

"மூணு வாரமா என்னத்தையோ கண்டுபிடிச்சிட்டோம்னு குதிச்சீங்களே சார். நீங்க கண்டுபிடிச்சது மழைய இல்ல. இந்த அண்ணனத்தான்!"

சார் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "உக்காருங்கண்ணே, நின்னுக்கிட்டே அழுதா கால் வலிக்கும்," என்றார் டீச்சர்.

மணி அப்போது பதினொன்று. ஐந்து மாதத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் படம் போட்டார் சார். புள்ளிகள் கோழி கிளறிவிட்ட குப்பை மாதிரி கிடந்தன. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் கோழி ஒரு பக்கமாகத்தான் போயிருக்கிறது என்று தெரிந்தது. கீழே விளக்கம் எழுத வேண்டும். 'அளவு ஜார் உடைந்ததால் ஐந்து மாதம் சேர்க்கப்படவில்லை' என்று மட்டும் போட்டால் போதும், சேட்டனைப் பற்றி எதற்கு என்றார் சார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். கேட்டதுமே எனக்கு அது புரிந்தது.

"முழுசா எழுதிருங்க சார்," என்றேன். "அரைகுறையாச் சொல்லி ஒருக்கா பட்டது போதுமுங்க."

டீச்சர் இங்கிலீஷில் எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னார். ஜார் உடைந்த மாதங்களில் பதிவு செய்தவர் மண்ணின் ஈரத்தைப் பார்த்து எண்ணை எழுதியிருக்கிறார், அதனால் அவை சேர்க்கப்படவில்லை. இதற்கு நடுவே அவராக ஒன்றைச் சேர்த்திருந்தார். 'இதை அவரே தெரிவித்தார்.' மூன்றே வார்த்தை. அதை எழுத வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. என் தப்பு நின்ற அதே வரியில் என்னையும் தலை நிமிர்த்தி நிற்கவைத்துவிட்டார்.

பக்கம் மாறியதால் துறைத் தலைவரின் கையெழுத்து மறுபடியும் வேண்டும். அவரோ கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ஒப்பு போட்டாச்சல்லே?"

"நேத்துப் போட்டது வேற படத்துக்குங்க சார்."

இடது கையால் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். வலது கையில் சாம்பார். விளக்கம் இருந்த இடத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். "ஆரா இது? அவரே தெரிவிச்சாருன்னு எழுதியிருக்கே, ஆரு?"

"நானுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவித் துடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். "பாயசம் குடிச்சிட்டுப் போ," என்றார். நேரமில்லை என்றேன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். நின்றபடியே குடித்துவிட்டு ஓடி வந்தேன். பாலடைப் பாயசம். நாக்கு வெந்துபோயிற்று.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினோம். கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஜபிக்கட்டுமா சார்?" என்று கேட்டார் டீச்சர். "யாரை வேணாலும் கூப்பிடு டீச்சரே, நெட்டு வந்தாப் போதும்," என்றார் சார். வந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு கமிட்டி முன்னால் விளக்கிச் சொல்லக் கூப்பிட்டார்கள். மண் மாதிரிப் பெட்டியைத் தூக்க நானும் போனேன். உள்ளே எனக்கு வேலையில்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை. ஒரு வயதான அம்மா மட்டும் தமிழில் கேட்டார்.

"நீங்கதானா அது? ஒரே இடத்துல ரெண்டு பேர் வெட்டிப் பாத்தா ரெண்டு பேரும் ஒரே உழவு சொல்வீங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதுதான் நமக்கு நல்லது என்றும் தோன்றியது. சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டமுங்க," என்றேன். "கருமண்ணுல ஒண்ணு, செம்மண்ணுல ஒண்ணு. முந்தின நாளு ஈரம் இருந்தாலும் மாறுமுங்க. அவசரத்துல வெட்டினா நானே தப்பாச் சொல்லுவனுங்க."

அந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார். வெளியே வந்து, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

திட்டம் கிடைத்தது. இரண்டு வருஷம் கேட்டதற்கு ஒரு வருஷம் கொடுத்தார்கள். நன்றாக நடந்தால் அடுத்த வருஷமும் உண்டு. கூடவே ஒரு நிபந்தனை. மண்ணை வெட்டிப் பார்த்துச் சொல் எழுதுகிறவர் ஜாரைத் தொடக் கூடாது. ஜாரை வேறு ஒருவர் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் மாதக் கடைசி வரை பார்க்கவே கூடாது. கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு டீச்சர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, பல்கலைக்கழகமே தீர்மானம் போட்டு ஒங்களுக்கு ஜாரத் தடை பண்ணியிருக்கு!"

எனக்கும் அது சரி என்றே பட்டது. வேலையைக் கொடுத்து, கூடவே அதில் தப்பு வராமல் இருக்க வழியும் செய்திருக்கிறார்கள். இப்படி யார் செய்வார்கள்?

தினமும் எட்டரைக்கு வந்து ஜார் பார்க்க, எண் எழுதத் தெரிந்த, பக்கத்திலேயே இருக்கிற ஆள் வேண்டும். உங்கள் அம்மாவைச் சொன்னேன். சார் தயங்கினார். "பாரியாவும் பர்த்தாவும் ஒரே வீட்டில... பேசிக்கமாட்டாங்களா?" அதற்கு டீச்சர்தான் பதில் சொன்னார். "நாலு நாள் வாயத் தொறக்காத மனுசனச் சொல்ல வச்சது யாரு சார்? அவுகதான். அவுகள நம்பலாம்." வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினார்கள். கமிட்டிக்கும் எழுதி அனுமதி பெற்றார்கள். அம்மா தன் பெயரில் வாங்கிய முதல் சம்பளத்தில் உங்கள் இருவருக்கும் குடை வாங்கினாள். அந்தக் குடைகளைத்தான் நீங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தீர்கள்.

நேற்றுக் காலை மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் இரண்டு பேரும் கூடவே பண்ணைக்கு வந்தீர்கள். நான் முழங்கால் வரை சேற்றோடு மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தேன். அம்மா வேலிக்குள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். எழுதினாள். நோட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். வரும்போது அவள் முகத்தில் ஏதோ இருந்தது.

"எவ்வளவு புள்ள?" என்றேன், சும்மா.

"கேக்காதீங்க. சாருகிட்டச் சொல்லிப் போடுவனுங்க," என்றாள். நீங்கள் இரண்டு பேரும் அந்தச் சேற்றில் உட்காராத குறையாகச் சிரித்தீர்கள்.

மூன்று குழியிலும் ஈரம் மூன்று விதமாக இருந்தது. முன்பென்றால் நடுவில் உள்ளதை எழுதிவிட்டுப் போயிருப்பேன். இப்போது மூன்றையும் எழுதினேன். கருமண்ணில் ஒரு உழவு. வரப்போரம் ஒன்றரை. தென்னை அடியில் முக்கால்தான் இருக்கும், சரியாகத் தெரியவில்லை. 'சரியாகத் தெரியவில்லை' என்பதையும் எழுதினேன். எழுதி முடித்து நோட்டை டிவிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தேன்.